ஷாக் அடிச்சுது என்றார், மெஷின் இல்லை என்றது

தண்டுவடம் கதிர்வீச்சைத் தாங்க ஒரு வரம்பு உண்டு. தினம் 2 கிரே வீதம் பிரித்துக் கொடுத்தாலும் மொத்தம் 45-50 கிரேக்கு மேல் போகாமல் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். மீறினால் நரம்பிழைகளின் மயலின் உறையும் நுண்ணிய ரத்தக்குழாய்களும் கெட்டுப்போகும். வழக்கமா இது வெளியே தெரிய பல மாசம், ஏன், வருஷங்கள்கூட ஆகும். ஒருத்தருக்குச் சில வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தக் கதைதான் இது.

1986 மார்ச் 21. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரம். முதுகின் மேல்பகுதியில் கட்டியை எடுத்த ஒருவர் ஒன்பதாவது முறையாகக் கதிர் சிகிச்சைக்கு வந்திருந்தார். மெஷின் பெயர் தெராக்-25, கனடாவின் ஏஇசிஎல் நிறுவனத் தயாரிப்பு. அன்றைக்குக் கொடுக்க வேண்டியது 180 ராட், அதாவது 1.8 கிரே. ஆபரேட்டர் பழக்கத்தில் எலெக்ட்ரானுக்குப் பதிலாக எக்ஸ்ரே என்று தட்டிவிட்டு, உடனே மேலே போய்த் திருத்தினார். கை அவ்வளவு வேகம். திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. டோஸ் குறைவாகத்தான் போயிருக்கிறது என்றும் காட்டியது. அதனால் தொடரும் பட்டனை அழுத்தினார்.

உள்ளே இருந்தவருக்கோ முதல் தடவையே முதுகில் சூடான காபியைக் கொட்டின மாதிரி, கரண்ட் அடிச்ச மாதிரி இருந்திருக்கிறது. எழுந்திருக்கப் பார்க்கும்போது இரண்டாவது அடி, கையில். ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். அந்த அறையின் கேமரா, மைக் இரண்டுமே அன்று வேலை செய்யவில்லை.

பரிசோதித்தபோது தோல் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. மின்கசிவா என்று மெஷினைச் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. ஏப்ரல் 7 அன்று மறுபடி ஓட விட்டார்கள். ஆனால் அவர் உடம்பு வேறு கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. கழுத்திலும் தோளிலும் வலி, பிறகு இடது கை விழுந்தது, இரண்டு கால்களும் விழுந்தன. இடது குரல்நாண், உதரவிதானத்தின் இடது பாதி, சிறுநீர்-மலக் கட்டுப்பாடு எல்லாமே போனது. கழுத்துத் தண்டுவடம் கதிரில் வெந்திருந்தது. ஐந்து மாதத்தில் இறந்தார். பின்னர் போட்ட கணக்கின்படி, ஒரு சென்டிமீட்டர் அளவு இடத்தில், ஒரு நொடிக்கும் குறைவாக, 16,500 முதல் 25,000 ராட் வரை பாய்ந்திருக்கிறது.

ஏப்ரல் 11, அதே மையம், அதே ஆபரேட்டர், அதே 54. இந்த முறை முகத்தில் தோல் புற்றுநோய் உள்ளவர். மூளையின் வலது பொட்டு மடலும் மூளைத்தண்டும் சிதைந்து மூன்றே வாரத்தில் போய்விட்டார். அங்கிருந்த இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேகர் ஆபரேட்டரைப் பக்கத்தில் உட்கார வைத்து, திரும்பத் திரும்பத் தட்டச் சொல்லிப் பார்த்தார். விஷயம் வேகத்தில் இருந்தது. காந்தங்கள் நிலைக்கு வர எடுக்கும் சுமார் 8 நொடிக்குள் திருத்தி முடித்தால், சாஃப்ட்வேர் அந்தத் திருத்தத்தை முழுசாகக் கவனிக்காது. எக்ஸ்ரேக்கான பெரிய கரண்ட், குறுக்கே தடுப்பு எதுவும் இல்லாமல், நேராக ஆள்மேல்.

மெஷினின் பக்கத்தில் இருந்த தாளில் 54-க்கு என்ன விளக்கம் தெரியுமா? 'டோஸ் இன்புட் 2'. அவ்வளவுதான். டோஸ் கூடினாலும் குறைந்தாலும் அதே எண். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

முந்தைய மாடலான தெராக்-20-யிலும் இதே பிழை இருந்தது பிறகு தெரியவந்தது. அதில் தனியாக வன்பொருள் தடுப்பு இருந்ததால் ஃபியூஸ் மட்டும் போகும். புது மாடலில் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டு, பொறுப்பைச் சாஃப்ட்வேரிடம் விட்டிருந்தார்கள்.