காலியிடம் தேடும் பயிர்: அச்சன்புதூர் வயலும் சோயா மொச்சையும்

தமிழகத்தில் சோயா மொச்சை ஏன் வேர்பிடிக்கவில்லை என்று கேட்டால், உழவர் புதிய பயிரை ஏற்கத் தயங்குகிறார் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். தென்காசி மாவட்டத்து அச்சன்புதூர் போன்ற மலையடிவார ஊர்களில் இவ்விடை நிற்காது. மண்ணும் மழையும் ஒத்துவந்தால் மட்டும் ஒரு பயிர் நிலைத்துவிடுவதில்லை; ஊரின் பயிர்ச்சுழற்சியில் அதற்குக் காலியிடம் வேண்டும். சோயா மத்திய இந்தியாவின் மாளவத்தில் வென்றதையும் இங்கு வெல்லாததையும் இந்த அளவுகோலால் விளக்க முடியும்.

1960களில் ஜபல்பூர், பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு இணைந்து மஞ்சள் சோயாவைப் பரப்ப முனைந்தன. அன்று மாளவக் கரிசலில் பெரும்பரப்பு மழைக்காலத்தில் தரிசாகக் கிடந்தது. மண்ணில் சேர்ந்த ஈரத்தைக் கொண்டு குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைத்தார்கள். அந்த வெற்று மாதங்களில் சோயா நுழைந்தது. வேறு பயிரோடு அதிகம் மோத வேண்டியிராததால் ஆலைகளும் சந்தையும் பின்தொடர்ந்தன. இன்று இந்தியாவில் அதன் பரப்பு ஒரு கோடி ஹெக்டேரைத் தாண்டுகிறது.

அச்சன்புதூர் வட்டாரத்தில் அப்படி ஓர் இடைவெளி இல்லை. குற்றாலத்துச் சாரலோடு வரும் தென்மேற்குப் பருவ நீரில் கார், வடகிழக்குப் பருவத்தில் பிசானம் என இரண்டு போகமும் நெல்லுக்குரியவை. பிசான அறுவடைக்குப் பின் எஞ்சும் ஈரத்துக்கு உளுந்து காத்திருக்கிறது. நெல் தரிசு உளுந்தின் சிக்கனம் வியப்புக்குரியது: அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னரே, மண் மெழுகுபோல் இருக்கையில், நிற்கும் நெல்லுக்கிடையே விதையைத் தூவிவிடுகிறார்கள், உழவு இல்லை. ஹெக்டேருக்கு 25 கிலோ விதை போதும். சோயாவுக்கோ 60 முதல் 80 கிலோ வேண்டும். அதன் மெல்லிய விதைத்தோல் மூட்டையை வீசிப் போட்டாலே அடிபடும். வெப்பமும் ஈரமும் மிகுந்த கிடங்கில் முளைப்புத்திறன் விரைவில் குறையும். முன்பு சோயா விளையாத மண்ணில் அதற்குரிய வேர்முடிச்சு நுண்ணுயிரான ரைசோபியத்தை விதையோடு கலந்தாக வேண்டும்.

காலியிடம் இல்லாததே காரணம் என்ற இந்த விளக்கத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, குறை ரகத்தில்தான் என்பது. சோயா பகல் குறுகும்போது பூக்கும் செடி. ஏறத்தாழ 9 பாகை வடக்கில் நெடிய பகல்கூடப் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. வடநாட்டு ரகங்கள் இங்கு வளர்ச்சி முற்றுமுன் பூத்துவிடும். இதே தடையைப் பிரேசில், தாமதமாகப் பூக்கும் ரகங்களால் கடந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கோ 1, கோ 2, கோ 3 ரகங்களைத் தந்திருக்கிறது. ரகம் இருந்தும் பரப்பு பெருகவில்லை என்பதே, தடை வேறிடத்தில் இருப்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, சோயா கூடுதலாக விளையும் என்பது. 2025–26இல் குவிண்டாலுக்கு ஆதரவு விலை உளுந்துக்கு 7,800 ரூபாய், சோயாவுக்கு 5,328 ரூபாய். உளுந்தின் வருவாயை எட்டவே சோயா ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைய வேண்டும், விதைச்செலவு தனி. மூன்றாவது, நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகச் சோயா தேவை என்பது. பண்ணைகள் பெரிதும் வாங்குவது எண்ணெய் எடுத்த பிண்ணாக்கை. விதைக்கும் பண்ணைக்கும் நடுவே பேரளவில் இயங்கும் ஆலை வேண்டும். சில ஏக்கர் விளைச்சல் அதற்கு ஒரு நாள் தீனிகூட ஆகாது. உளுந்து விலைபோகாவிட்டாலும் வீட்டு ஆட்டுக்கல்லுக்குப் போகும்.

ஆகவே சோயாவை உளுந்துக்கு மாற்றாக முன்வைப்பது வீண். தென்மேற்குப் பருவம் பொய்த்து, கார் நடவுக்கு நீர் போதாத ஆண்டில்தான் இங்கும் மாளவத்துக் காலியிடம் தோன்றுகிறது. மூன்று மாதத்தில் முதிரும் சோயாவுக்கு நெல்லளவு நீர் வேண்டாம். அந்த ஆண்டுக்கென முளைப்பு குன்றாத விதையையும் முன்கூட்டியே பேசிய கொள்முதலையும் ஆயத்தமாக வைத்த பிறகே, உழவரின் தயக்கத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு.