அரைப்பிறை முகாமில் ஒலித்த குரல்கள்

வரலாறு எழுத்தில் மட்டுமே வாழ்கிறது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அரசாணைகளையும் கல்வெட்டுகளையும் நாட்குறிப்புகளையும் விட்டுச்செல்லும் வாய்ப்புப் பெற்றோரே அதில் இடம்பெறுகின்றனர். உழவரும் படகோட்டியும் சாதாரணப் படைவீரரும் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே எஞ்சுகின்றனர். ஆயினும், முதல் உலகப் போரில் ஜெர்மனியிடம் சிறைப்பட்ட இந்தியப் படைவீரர் சிலரின் குரல்கள் இன்றும் நமக்குக் கேட்கக் கிடைக்கின்றன. அவை பதிவான விதமும், அவற்றை நாம் கேட்க வேண்டிய முறையும் சிந்தனைக்குரியவை.

பெர்லினுக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வூன்ஸ்டார்ஃப் என்னும் ஊரில் 'அரைப்பிறை முகாம்' அமைக்கப்பட்டது. பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளில் போரிட்டுப் பிடிபட்ட வடஆப்பிரிக்கரும் இந்தியரும் அங்கு வைக்கப்பட்டனர். அவர்களுள் முஸ்லிம்களே மிகுதி. சீக்கியரும் இந்துக்களும் இருந்தனர். 1914 நவம்பரில் உஸ்மானியப் பேரரசு ஜிஹாத் அறிவித்திருந்தது. அதனைப் பயன்படுத்திக் கைதிகளைத் தம் பக்கம் திருப்பலாம் என ஜெர்மானிய அரசு கணக்கிட்டது. அதன் பொருட்டே 1915 ஜூலையில் மினாராவும் குவிமாடமும் கொண்ட மரப் பள்ளிவாசல் ஒன்று முகாமில் திறக்கப்பட்டது. ஜெர்மானிய மண்ணில் தொழுகைக்கெனக் கட்டப்பட்ட முதல் பள்ளிவாசல் அதுவே. கணக்கு பெரிதும் பொய்த்தது. பள்ளிவாசலும் 1920களின் நடுவில் இடிக்கப்பட்டது.

இம்முகாமிற்கு மற்றொரு நோக்கத்துடனும் சிலர் வந்தனர். 1915இல் நிறுவப்பட்ட பிரஷிய அரச ஒலிப்பதிவு ஆணையத்தின் அறிஞர்களே அவர்கள். உளவியலாளர் கார்ல் ஸ்டும்ஃப் அதற்குத் தலைமை வகித்தார். வில்ஹெல்ம் டோகன் பதிவுப் பணியை நடத்தினார். உலகின் மொழிகளையெல்லாம் தேடி அலைய வேண்டியதில்லை, போரே அவற்றைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்பது அவர்கள் எண்ணம். 1918 வரை பல முகாம்களில், ஏறத்தாழ 250 மொழிகளிலும் வட்டார வழக்குகளிலுமாக 1,650 அளவிலான இசைத்தட்டுகளை ஆணையம் பதிவு செய்தது.

பதிவின் நடைமுறை நம் கவனத்திற்குரியது. சொல்ல வேண்டியது முன்னதாகவே எழுதிச் சரிபார்க்கப்பட்டது. பின்னர் கைதி, ஒலிப்பதிவுக் கருவியின் புனல் முன் நின்று அதனைக் கூறினார். பைபிளின் ஊதாரி மைந்தன் கதையைத் தம் மொழியில் சொல்லுமாறு பணிக்கப்பட்டோர் பலர். பாடலோ கதையோ கூறியோரும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்பப்பட்டது. பெயர், வயது, பிறந்த ஊர், தொழில், சமயம், அறிந்த மொழிகள் ஆகியவற்றுடன் குரலின் தன்மை பற்றிய வல்லுநர் கருத்தும் அதில் இடம்பெற்றது. சொன்ன செய்தி மெய்யா என்று கேட்க அப்படிவத்தில் இடமில்லை.

எனினும், சிலர் அந்தச் சிறு வாய்ப்பைத் தம் வாக்குமூலமாக மாற்றிக்கொண்டனர். 1916 டிசம்பர் 11 அன்று பஞ்சாபைச் சேர்ந்த மல் சிங் என்னும் சீக்கியப் படைவீரர் பேசினார். அவர் தம்மையே 'ஒரு மனிதன்' என வேற்றாள் போலக் குறிப்பிட்டார். இந்துஸ்தானத்தில் வெண்ணெயும் இரண்டு சேர் பாலும் உண்டு வாழ்ந்த அம்மனிதன் ஆங்கிலேயரிடம் வேலைக்குச் சேர்ந்து, ஐரோப்பியப் போருக்கு வந்து, ஜெர்மனியிடம் சிக்கினான். இன்னும் ஈராண்டு இங்கிருந்தால் இறந்துவிடுவான். இறையருளால் அமைதி ஏற்பட்டால் ஊர் திரும்பலாம் என்பது அவர் பேச்சின் சாரம். ஆணையத்திற்கு அது பஞ்சாபி மொழியின் மாதிரி. நமக்கோ அது, ஒன்றரை நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில் கூறப்பட்ட ஒரு போர் வரலாறு.

செவிவழிச் செய்தியை ஆய்ந்து ஏற்கும் கலை நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர் தொடரைக் கேட்டனர். 'ஜர்ஹ் வ தஃதீல்' என்னும் ஆய்வில் அறிவிப்பாளரின் வாய்மையையும் நினைவாற்றலையும் எடைபோட்டனர். இப்னு உமர் (ரலி) அவர்களிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற நாஃபிஉ (ரஹ்), இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ஆசிரியரானார். அவர் வழிவந்த தொடரையே மிக உறுதியானதென இமாம் புகாரி (ரஹ்) கருதினார்கள். பிறப்பும் பதவியும் அங்கு அளவுகோலாகவில்லை. பெர்லின் அறிஞர்கள் குரல் தெளிவானதா என்று கேட்டனர். நம் முன்னோர் சொல்பவர் நம்பத்தக்கவரா என்று கேட்டனர். முன்னது மனிதரை மாதிரிப் பொருளாக்கியது. பின்னது அவரைச் சாட்சியாக ஏற்றது.

பெர்லினில் அத்தட்டுகள் பல்லாண்டு மொழியியலாளர் தவிரப் பிறரால் பொருட்படுத்தப்படாமல் கிடந்தன. 2007இல் பிலிப் ஷெஃப்னர் உருவாக்கிய 'தி ஹாஃப்மூன் ஃபைல்ஸ்' என்னும் ஆவணப்படம் மல் சிங்கின் குரலை உலகறியச் செய்தது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் நூலகம், பிரிட்டிஷ் மற்றும் குடியேற்ற நாட்டுக் கைதிகளின் பதிவுகளுடைய படிகளைப் பெற்றது. முகாமுக்கு அண்மையிலுள்ள ஸேரன்ஸ்டார்ஃப் கல்லறைத் தோட்டத்தில் 206 இந்தியர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோரின் குரல் நமக்கு எட்டப்போவதில்லை. எட்டிய குரல்களும் சிறையில் பெறப்பட்டவை. மறுத்துரைக்கும் உரிமை அவர்களுக்கு எந்த அளவு இருந்தது என்னும் வினா அவற்றைக் கேட்குந்தோறும் எழவே செய்யும்.

இன்று ஒலிப்பதிவுக் கருவி ஏறத்தாழ ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் பொருளீட்டச் சென்றோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த முதியோர் நம் இல்லங்களில் இருக்கின்றனர். அவர்களின் இசைவைப் பெற்று, பெயரையும் ஊரையும் நாளையும் யாரிடம் கேட்டறிந்தனர் என்பதையும் குறித்து, இடைமறிக்காமல் பதிவு செய்வது நம்மால் இயலும். மல் சிங்கிற்குக் கிடைத்த நேரம் ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கமே. நம் வீட்டு முதியோருக்கு அத்தகைய வரம்பு ஏதுமில்லை. அவர்களுக்கு எஞ்சியுள்ள காலமே வரம்பு.