கயிறு மாறும் கணம்

சென்ற இதழில் பாண்டி நாட்டு முத்துச் சலாபத்தோடு நின்றோம். முத்தை விற்று வந்த பொன் மீண்டும் கடலேறிப் போன கதையை இந்த வாரம் சொல்ல வேண்டும். அது போனது குதிரைக்காக. அதிலும் நாட்டு மட்டக் குதிரைக்காக அன்று, அரபு தேசத்திலும் பாரசீக வளைகுடாவின் கரைகளிலும் பிறந்து, மரக்கலத்தில் நின்றபடியே கடல் கடந்து வந்த உயர்சாதிப் புரவிக்காக.

நமது கிராமச் சந்தைகளில் மாடு விற்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தரகர் துண்டைப் போர்த்து, அதனுள் இரு தரப்பாரின் விரல்களையும் பற்றிப் பற்றி விலையைப் பேசி முடித்து, முன்பணம் கைமாறி, சுழி பார்த்துப் பல் பார்த்து எல்லாம் ஆன பிறகுங்கூட, விற்றவன் தன் கையிலிருக்கும் கயிற்றை வாங்குபவன் கையில் கொடுக்கும் வரையில் அந்தப் பிராணி விற்றவனுடையதே. கயிறு மாறிய கணத்திலிருந்து அது நொண்டினாலும், முட்டினாலும், வீடு போய்ச் சேருமுன் விழுந்து செத்தாலும் நஷ்டம் வாங்கியவனைச் சேர்ந்தது. குதிரை வியாபாரத்திலும் இதே சம்பிரதாயம் இருந்ததென்பதற்குத் திருவிளையாடற் புராணமே சாட்சி. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கி வரும்படி கொடுத்தனுப்பிய திரவியத்தை வாதவூரர் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவிட்டுவிட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கித் தானே குதிரைச் சேவகனாக மதுரைக்கு ஓட்டி வந்து, முறைப்படி கயிறு மாறிக் கொடுத்துவிட்டுப் போனான் என்பது நாம் சிறு பிராயம் முதல் கேட்டுவரும் கதை. அதில் பக்தியைக் காண்போர் பக்தியைக் காணட்டும். நான் இப்போது பார்க்க விரும்புவது அந்தக் கயிற்றை. ஏனென்றால் மூன்று நூற்றாண்டுக் காலம் தென்னாட்டு அரசர்கள் செய்த குதிரை வியாபாரத்தில் அந்தக் கயிறு அரண்மனை வாசலில் மாறவில்லை. நடுக்கடலிலேயே, சில சமயம் அதற்கும் முன்பே, மாறிவிட்டது.

கடல் வழியாகக் குதிரை வந்து இறங்குவது நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய புரவிகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. சோழர் காலத்துச் சாசனங்களில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் காணப்படுகிறார்கள். ஆயினும் இவ்வியாபாரம் ராஜாங்கத்தின் பொக்கிஷத்தையே அசைக்கும் அளவுக்குப் பெருகியது பதின்மூன்றாம் நூற்றாண்டில், 1268-இல் பட்டமேறிய மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில்தான். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் அன்று காயல் என்றொரு பெருந்துறை இருந்தது. இன்று பழைய காயல் என்ற பெயரோடு, ஆற்று மண் தூர்ந்து கடல் விலகிப்போன சிற்றூராக இருக்கும் இடமே அது என்று கால்டுவெல் பாதிரியார் அங்கே அகழ்ந்து பார்த்து நிர்ணயித்தார். அந்தத் துறையைப் பற்றி மார்க்கோ போலோ எழுதிவைத்த விருத்தாந்தத்தில், ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளும் பிற சரக்குகளும் ஏற்றிய கப்பல்கள் எல்லாம் இங்கே வந்து சேர்வதையும், அரசன் பிற தேசத்து வணிகர்களை நீதியோடு நடத்துவதால் அவர்கள் விருப்பத்தோடு இத்துறையை நாடுவதையும் காண்கிறோம்.

அந்தக் கப்பல்களையும் அவர் வருணிக்கிறார். ஹோர்முஸில் கட்டப்பட்ட அவற்றுக்கு இரும்பாணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். கீழே சரக்கை அடுக்கி, அதன்மேல் தோலைப் பரப்பி, அந்தத் தோலின்மேல் குதிரைகளை நிறுத்துவார்கள். அப்படிப்பட்ட கலத்தில் புயலுக்குப் பயந்து காற்றை நம்பி வரும் குதிரையின் பிரயாணம் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். வழியில் வேறு அபாயங்களும் உண்டு. மேல்கரையில் தாணா நாட்டரசன் கடற்கொள்ளைக்காரரோடு ஓர் உடன்படிக்கையே செய்துகொண்டிருந்தானாம்: அவர்கள் பிடிக்கும் கப்பல்களில் உள்ள குதிரைகள் எல்லாம் அரசனுக்கு, பொன்னும் பிற பண்டமும் அவர்களுக்கு. குதிரையின்மேல் அன்றைய மன்னர்களுக்கு இருந்த மோகத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். வஸ்ஸாப் என்னும் பாரசீக சரித்திரக்காரர் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். கிஷ் தீவை ஆண்ட பெருவணிகரான மலிக்-உல்-இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் தம் சொந்தப் பந்தியில் வளர்ந்த 1,400 குதிரைகளைப் பாண்டி நாட்டில் இறக்க வேண்டும். அவையன்றிக் கத்தீப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹோர்முஸ் முதலிய இடங்களிலிருந்து திரட்ட முடிந்தவற்றையும் அனுப்ப வேண்டும். விலை, குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார். இதற்குமேல் ஒரு நிபந்தனை, அதுதான் விசேஷம்: பிரயாணத்தில் குதிரைக்குக் காயம் பட்டாலும், அது இறந்தே போனாலும், அதன் கிரயத்தை அரசனுடைய பொக்கிஷம் கொடுத்துவிட வேண்டும். முன்பு ஒரு காலத்தில் பாண்டி நாடு, காம்பே முதலிய துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போயின என்றும், அவற்றின் மொத்தக் கிரயமாகிய 22 லட்சம் தீனாரும் கோயில்களின் உபரி வருமானத்திலிருந்தும் தேவதாசிகள்மேல் விதித்த வரியிலிருந்துமே கொடுக்கப்பட்டதென்றும் அவர் சொல்கிறார். இந்த எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். போலோவோ, பாண்டிய அரசன் ஆண்டுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஒரு குதிரையின் விலை 100 மார்க் வெள்ளிக்கு அதிகமாவதாகவும் எழுதுகிறார். தொகைகள் வேறுபட்டாலும், பாண்டி நாட்டிலிருந்து ஆண்டு தவறாமல் மலைபோன்ற பொன் வெளியேறியது என்பதில் இருவருக்கும் அபிப்பிராய பேதமில்லை.

செத்த குதிரைக்கும் கிரயம் கொடுக்கச் சம்மதித்த அரசனை மூடன் என்று எண்ணத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால், சேதத்துக்கு அஞ்சி வணிகன் தன் கப்பலைக் கொல்லத்திலோ காம்பேயிலோ நிறுத்திவிட்டால் அந்தக் குதிரையின்மேல் ஏறிவருபவன் பகைவனாக இருப்பான் என்பதை நினைத்துப் பார்த்தால், பாண்டியன் குதிரைக்குக் கொடுத்த விலையிலே, அது வேறொருவன் லாயத்துக்குப் போகாமல் தடுப்பதற்குரிய விலையும் அடங்கியிருந்தது என்பது விளங்கும். இதுவரையில் ராஜநீதியாகவே இருக்கிறது. சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. பாண்டியனுக்கு மந்திரியாக இருந்து, காயல் உள்ளிட்ட மூன்று துறைகளையும் நிர்வகித்தவர் தகியுத்தீன் என்பவர். அவர் அந்த ஜமாலுத்தீனுக்கு உடன்பிறந்தார். விற்பவர் அண்ணன் தம்பிகளில் ஒருவர், வாங்குபவனுடைய துறையைக் காப்பவர் மற்றொருவர். கடலில் இத்தனை குதிரை செத்தது என்று கரையில் எழுதப்படும் கணக்கை யார் சரிபார்த்திருப்பார்கள்?

கரை சேர்ந்த குதிரைகளும் நெடுநாள் வாழவில்லை. ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்பது போலோவின் வாக்கு. இந்நாட்டாருக்குக் குதிரையைப் பேணத் தெரியாது. சோற்றோடு இறைச்சியைச் சேர்த்துச் சமைத்துப் போடுகிறார்கள். நல்ல ஆண் குதிரையும் நல்ல பெண் குதிரையும் கூடினாலும் இம்மண்ணில் பிறக்கும் குட்டி கால் கோணிப் பயனற்றதாகிறது. வெளிநாட்டுக் குதிரை வைத்தியர் எவரும் இங்கே வந்துவிடாதபடி வணிகர்களே தடுக்கிறார்கள், ஏனெனில் குதிரைகள் செத்தால்தான் அவர்களுக்கு அடுத்த ஆண்டு வியாபாரம் என்றெல்லாம் அவர் அடுக்குகிறார். வஸ்ஸாப் தம் பங்குக்கு, வறுத்த பார்லியும், நெய்யிட்ட தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து, நாற்பது நாள் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்து, பிறகு பயிற்சியும் அங்கவடியும் இன்றிப் பேய்போல் ஏறி ஓட்டிக் கெடுக்கிறார்கள் என்று பரிகாசம் செய்கிறார். இவற்றில் உண்மை ஓரளவு இருக்கலாம். வறண்ட மணற்காற்றில் பிறந்த பிராணிக்கு நெற்கழனிகளின் ஈரமும் புழுக்கமும் ஒவ்வாதென்பதும், பரந்த மேய்ச்சல் நிலம் இங்கே அரிதென்பதும் வெளிப்படை. ஆனால் அசுவ சாஸ்திரம் என்று தனி நூலே செய்து, சுழியும் நிறமும் நடையும் வகுத்த ஒரு நாட்டாருக்குக் குதிரையைப் பற்றி ஒன்றுமே தெரியாதென்பதை ஏற்க மனம் வரவில்லை. தஞ்சைச் சரஸ்வதி மகாலில் வர்ணப் படங்களோடு கூடிய அசுவ சாஸ்திரச் சுவடியைக் கண்டவர்கள் நான் சொல்வதை ஒப்புவார்கள்.

இவ்வளவு பொன் கொடுத்துச் சேர்த்த குதிரைகள் கடைசியில் யாருக்கு உதவின? டில்லி சுல்தானின் படைத்தலைவன் மாலிக் காபூர் தென்னாட்டுப் படையெடுப்பை முடித்துக்கொண்டு 1311-இல் டில்லிக்குத் திரும்பியபோது ஓட்டிச் சென்ற குதிரைகள் 5,000 என்கிறார் அமீர் குஸ்ரு. 20,000 என்கிறார் பரணி. அவற்றுக்கு மட்டும் யாரும் கிரயம் கொடுக்கவில்லை.

அரசர்களின் ஒப்பந்தங்களையே பேசிக்கொண்டிருந்தால் ஒற்றைக் குதிரையோடு வந்த ஏழை வணிகனை மறந்துவிடுவோம். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரஷ்ய தேசத்து த்வேர் நகரத்தைச் சேர்ந்த அபனாசி நிகிதின் என்பவர் ஹோர்முஸிலிருந்து ஓர் ஆண் குதிரையைக் கப்பலேற்றிக்கொண்டு மேல்கரையில் சௌல் என்னும் துறையில் இறங்கினார். ஜுன்னர் வரையில் அதைக் கொண்டுவருவதற்குள் நூறு ரூபிள் செலவாயிற்று. அங்கே அந்நகரத்துக் கான் குதிரையைப் பிடுங்கிக்கொண்டு, இஸ்லாத்தில் சேர்ந்தால் குதிரையும் ஆயிரம் பொன்னும் தருவதாகவும், சேராவிட்டால் குதிரையும் போய் ஆயிரம் பொன்னும் தண்டமாகக் கட்டவேண்டும் என்றும் நான்கு நாள் தவணை கொடுத்தான். குராசான் தேசத்து முகம்மது என்ற ஒரு பெரியவர் குறுக்கே விழுந்து மன்றாடியதால் குதிரையும் தப்பிற்று, மதமும் தப்பிற்று. பிறகு பீதர் நகரத்தில்தான் அதை அவரால் விற்க முடிந்தது. அவருக்காக எந்தப் பொக்கிஷமும் சேதத்தை ஏற்கக் காத்திருக்கவில்லை. விற்கும் வரையில் கயிறு அவர் கையிலேயே இருந்தது.

பாண்டியர் போய் விஜயநகரத்தார் வந்தபோது பழைய நிபந்தனை இன்னும் விசித்திரமாயிற்று. சாளுவ நரசிம்மன் ஆயிரம் பர்தா நாணயத்துக்கு மூன்று குதிரை வீதம், உயிரோடிருந்தாலும் செத்திருந்தாலும் வாங்கிக்கொண்டானாம். கடலில் செத்த குதிரைக்கு அதன் வாலை அறுத்துக் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலையும் கிடைக்கும். வாலைத் தவிர வேறு சாட்சியம் கேட்கப்படவில்லை. கிருஷ்ணதேவராயரும் தம் ஆமுக்தமால்யதாவில், யானையும் குதிரையும் கொண்டுவரும் தூரதேசத்து வணிகர்களைப் பகைவர் பக்கம் போகவிடாமல் உபசரித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ராஜநீதியாகவே வகுத்திருக்கிறார். 1510-இல் கோவாவைப் பிடித்த போர்த்துகீசியர் இந்த மோகத்தின் பெறுமானத்தை நன்றாக அறிந்துகொண்டு, குதிரைக் கப்பல்களையெல்லாம் தங்கள் துறைக்கே திருப்பினார்கள். 1547-இல் செய்த உடன்படிக்கையின்படி, கோவாவில் இறங்கும் குதிரைகளைப் பீஜப்பூருக்குக் கொடாமல் விஜயநகரத்துக்கே விற்க ஒப்பினார்கள். பதினெட்டே ஆண்டுகளில், 1565-இல், தலைக்கோட்டைப் போரோடு விஜயநகரம் சாம்பலாயிற்று.

குதிரை வாலைப் பற்றிய இந்தச் செய்தியை நமக்குச் சொன்னவர் பெர்னாவோ நூனிஸ் என்ற போர்த்துகீசியர். அவரே குதிரை வியாபாரி. மார்க்கோ போலோ வெனிஸ் வணிகக் குடும்பத்தவர். வஸ்ஸாப், குதிரை விற்ற தேசத்தைச் சேர்ந்தவர். இப்படி விற்றவர் பக்கத்து வாக்குமூலங்கள்தாம் நம்மிடம் குவிந்து கிடக்கின்றன. விலை கொடுத்தவன் லாயத்துக்குள் என்ன கண்டான், மறுநாள் காலையில் குதிரைக்காரர் ஓடிவந்து என்ன சொன்னார்கள் என்பதைச் சொல்ல, கடற்கரைத் தலமாகிய வேதாரணியத்தில் பிறந்த பரஞ்சோதி முனிவர் பாடிய அந்தக் கதையன்றி வேறொன்றும் எனக்குத் தென்படவில்லை. அதன்படி, கயிறு மாறிய அன்றிரவே புதிய குதிரைகள் எல்லாம் நரிகளாகி ஊளையிட்டன. பந்தியில் முன்பே கட்டியிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு, விடிவதற்குள் காட்டுக்கு ஓடிவிட்டன.