நாடித்துடிப்பும் நீதிமன்றமும்



கையில் கட்டும் கடிகாரம் இப்போது 'மன அழுத்தம் அதிகம்' என்று சொல்கிறதாம். "சார், அதை நம்பலாமா?" என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நம்ம கட்டுமாவடி ஏலத்தில் எதிராளி முகத்தைப் பார்த்தே விலையைக் கணிப்பவர்கள் உண்டு. வள்ளுவரும் குறிப்பறிதல் என்ற தலைப்பில் பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று என இரண்டு அதிகாரம் வைத்தார். கருவியை வைத்து மனதை அறியும் முயற்சி பின்னால் வந்தது.

1921இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரக் காவல்துறையில் இருந்த ஜான் லார்சன், ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் ஒருசேரப் பதியும் கருவியைச் செய்தார். பிற்பாடு உள்ளங்கை வியர்வையும் சேர்ந்தது. இதைத்தான் 'பொய் கண்டறியும் கருவி' என்கிறோம். பெயர்தான் தப்பு. அது காட்டுவது உடம்பின் படபடப்பை மட்டும். தேர்வு அறையில் ஒரு தப்பும் செய்யாத பிள்ளைக்கும் கை வியர்த்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 1923இலேயே வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ரத்த அழுத்தத்தை வைத்துச் செய்த இத்தகைய சோதனையை ஏற்கவில்லை. அந்தச் சோதனையைச் செய்த மார்ஸ்டன்தான் பிறகு 'வொண்டர் வுமன்' படக்கதையை உருவாக்கியவர்!

நம் நாட்டில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. தலையில் மின்முனைகள் பொருத்தி, குற்றம் பற்றிய வாக்கியங்களை வாசித்துக் காட்டுவார்கள். அவர் வாய் திறக்க வேண்டாம். மூளை அலையே காட்டிக்கொடுத்துவிடும் என்றார்கள். 2008இல் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இந்தச் சோதனையையும் கணக்கில் எடுத்து ஓர் இளம்பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதே ஆண்டு பெங்களூரு நிமான்ஸ் இயக்குநர் தலைமையிலான குழு, இம்முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றது. பின்னர் அந்தப் பெண்ணுக்கு மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஒரு கருவியின் கோடுகளை நம்பி ஒருவருடைய வாழ்நாளையே எழுதிவிடப் பார்த்தார்கள், பாருங்கள்.

2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கின் பெயர் 'செல்வி எதிர் கர்நாடக மாநிலம்'. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் உட்பட மூவர் அமர்வு. உண்மை அறியும் ஊசி, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைச் சோதனை, இம்மூன்றையும் சம்மதம் இல்லாமல் யார் மீதும் நடத்தக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) பிரிவுக்கும், 21ஆம் பிரிவுக்கும் அது விரோதம் என்றது. சம்மதித்துச் செய்தாலும் சோதனை முடிவு மட்டும் சாட்சியம் ஆகாது.

ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சேதி: மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் தவிர, பள்ளியிலும் வேலையிடத்திலும் செயற்கை நுண்ணறிவால் உணர்ச்சியைக் கணிப்பது அங்கே 2025 பிப்ரவரி முதல் தடை.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பைப் பாருங்கள், அதனால் பலன் உண்டு. 'மன அழுத்தம்' என்று அது போடும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படி ஏறினாலும் நாடி துடிக்கும். அந்தக் கணக்கை அலுவலகம் கேட்டால், எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். சட்டம் படிக்கும் பிள்ளைகள் செல்வி தீர்ப்பை முழுதாகவே படித்துவிடுங்கள்.