பேர் சொல்லா மருந்து

தமிழ் வீடுகளிலே பெயர் சொல்லி அழைக்கப்படாத மருந்தொன்று உண்டு. இரவில் அதன் பெயரை உச்சரித்தல் ஆகாதென்பர் முதியோர். ஆதலின் 'பேர் சொல்லாதது' என்றும், 'பிள்ளை மருந்து' என்றும் அதனை வழங்கினர். சதுப்பு நிலத்திலும் ஓடைக்கரையிலும் வாள்போன்ற இலைகளோடு வளரும் வசம்பின் கிழங்கே அது. வயிற்றுப் பொருமலால் அழும் குழந்தைக்கு அதனை விளக்கிற் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து நாவிலே தடவுவர். ஏடுகளை அரிக்கும் பூச்சிகளை விலக்கச் சுவடிக்கட்டுகளிடையே வைத்ததும் இக்கிழங்கையே. பூச்சிக்கு ஆகாதது பிள்ளைக்கு எவ்வாறு ஆகும் என்னும் வினா ஆய்வுகூடத்தை அடைய 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலில் இம்மருந்தைப் பற்றி எழுதினார். அக்காலத்து ஐரோப்பியர் பலர் உலர்ந்த கிழங்கையே அறிவர். 1574இல் கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து வந்த உயிர்க்கிழங்கை வியன்னாவில் நட்டு வளர்த்தார் குளூசியஸ் என்னும் தாவரவியலார். அவர் அதனை நண்பர்களுக்கும் பகிர்ந்தளித்தார். ஐரோப்பியக் குளங்களிற் பரவிய அச்செடி விதை கொள்வதில்லை. கிழங்கு துண்டாகித் துண்டாகியே பெருகிற்று. 1753இல் லின்னேயஸ் ஒரே பெயரின் கீழ் இரு பேதங்களைக் குறித்தார்.

அப்பேதத்தின் காரணம் நிறமூர்த்தங்களிலே இருந்தது. வட அமெரிக்கச் செடி இருமடியம்; ஐரோப்பியச் செடி மும்மடியம்; ஆசியாவில் நான்மடியச் செடிகள் பரவலாக உள. பீற்றா அசரோன் என்னும் இரசாயனப்பொருள் இருமடியத்தில் இல்லை. மும்மடியத்திற் சிறிதளவே உண்டு. நான்மடியத்தின் எண்ணெயிலோ பெரும்பங்கு அதுவே.

ஜம்முக் கிழங்கின் எண்ணெயை இரண்டாண்டுகள் உணவிற் கலந்து கொடுத்தபோது, எலிகளின் முன்சிறுகுடலிற் புற்றுக்கழலைகள் தோன்றியதாக 1967இல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே அமெரிக்க ஐக்கிய நாடுகள் உணவில் வசம்பையும் அதன் எண்ணெயையும் தடைசெய்தன. அந்நாட்டுப் பழங்குடிகள் தொண்டைநோய்க்கு மென்றுவந்த, அசரோன் அற்ற உள்நாட்டுக் கிழங்கும் அத்தடையுள் அடங்கியது. சட்டம் பெயரைப் பார்த்ததேயன்றிப் பேதத்தைப் பார்க்கவில்லை. 2002இல் ஐரோப்பிய அறிவியற் குழுவொன்று, பீற்றா அசரோனுக்குத் தீங்கற்ற அளவு இதுவென வரையறுத்தல் இயலாதென்றது.

எலிக்கு ஈராண்டு ஊட்டிய எண்ணெயும், குழந்தையின் நாவிற் படும் கரித்துளியும் ஒன்றல்ல என்பது உண்மையே. சுடும்போது ஆவியாகும் எண்ணெயின் ஒரு பகுதி நீங்கிவிடும். வைத்தியரும் வசம்பைச் சுத்திசெய்தே வழங்குவர். ஆயின் அடுப்பங்கரையில் அளவுகோல் இல்லை. ஒருத்தி கரியாகுமட்டும் சுடுவாள். மற்றொருத்தி மேல்தோல் கருகியவுடன் எடுத்து உரைப்பாள். அளவு மிகுந்தால் வசம்பு வாந்தியை உண்டாக்கும். சில வாரக் குழந்தைக்கு அதுவே பெருந்தீங்கு. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே ஊட்டவேண்டுமென 2001 முதல் உலக சுகாதாரத் தாபனம் கூறிவருகின்றது. அழுகை ஓயாத பிள்ளையை வைத்தியரிடம் கொண்டு செல்லுமுன் பாட்டியார் வசம்பைத் தேடும் வீடுகள் இன்றும் உள.