கோழி அறுத்தது குற்றமா, யார் அறுத்தார்கள் என்பது குற்றமா?

1987 ஜூன் 9. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமியை ஒட்டியிருக்கும் ஹயலியா நகரத்தின் மாமன்றம் அவசரக் கூட்டம் கூடுகிறது. வெள்ளம் இல்லை, கலவரம் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. ஏப்ரல் மாதம் ஒரு சிறிய மதக்குழு அந்நகரில் ஒரு மனையைக் குத்தகைக்கு எடுத்து, வழிபாட்டிடமும் பள்ளியும் பண்பாட்டு மையமும் அருங்காட்சியகமும் அமைக்கப்போவதாக அறிவித்திருந்தது. இதுதான் அவசரம்.

அந்தக் குழுவின் பெயர் லுக்குமி பாபாலு ஆயே சபை. தலைவரும் பூசாரியும் எர்னெஸ்டோ பிச்சார்டோ. மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களை அடிமைகளாகப் பிடித்துக் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள் அல்லவா, அவர்களோடு கடல் கடந்த மதம் இது. தங்கள் தெய்வங்களை வெளிப்படையாகக் கும்பிட முடியாததால் கத்தோலிக்கப் புனிதர்களின் உருவத்துக்குப் பின்னால் அவற்றை வைத்துக் கும்பிட்டார்கள். அதனால் 'சான்டெரியா' என்ற பெயர் வந்தது. பாபாலு ஆயே நோய்களின் தெய்வம், குறிப்பாக அம்மை நோயின் தெய்வம். நம்முடைய மாரியம்மாவை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அங்கேயும் கோழி, புறா, ஆடு பலி கொடுப்பார்கள். பெரும்பாலும் அதைச் சமைத்துச் சாப்பிடுவார்கள். தெற்கு ஃபுளோரிடாவில் குறைந்தது 50,000 பேர் இந்த வழிபாட்டில் இருந்ததாக நீதிமன்றமே கணித்தது. ஆனால் எல்லாமே வீட்டுக்குள், ஒளிவுமறைவாக. இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் பிச்சார்டோ சபையின் நோக்கம். வீட்டுக்குள் ஒளிந்து கும்பிட்ட வரையில் மாமன்றத்துக்கு அவசரம் எதுவும் வரவில்லை. பொதுவெளியில் மனை எடுத்ததும்தான் வந்தது.

இதை வெள்ளையர், கறுப்பர் கதை என்று எளிதாக முடித்துவிட முடியாது. ஹயலியா நகரவாசிகளில் பெரும்பாலோர் கியூபாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். மாமன்ற உறுப்பினர் ஒருவர், புரட்சிக்கு முந்தைய கியூபாவில் இந்த மதத்தைப் பின்பற்றியவர்களைச் சிறையில் போட்டார்கள் என்று பெருமையாக நினைவுகூர்ந்தார். கூட்டம் கைதட்டியது. பிச்சார்டோ பேச எழுந்தபோது கூச்சலிட்டது. இந்தச் சபை திறக்காமல் தடுக்க என்ன வழி என்று மாமன்றத் தலைவர் வெளிப்படையாகவே கேட்டார். காவல்துறையின் மதபோதகர் இதைப் பாவம், அருவருப்பு என்றார். அகதியாக வந்த சமூகத்துக்குள்ளும் மேலே இருப்பவனுக்குத் தன் ஊரின் கீழ்த்தெரு சாமி கூடவே வந்துவிட்டால் கூச்சமாக இருக்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் சாதியைச் சந்தித்த தோழர்களுக்கு இது புதிதல்ல.

இப்போது நிலத்துக்கு வருவோம். எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் தொழிற்சாலை என்று நகர நிர்வாகம் பிரித்து வைப்பதை அமெரிக்காவில் 'ஜோனிங்' என்பார்கள். நம்மூரில் சி.எம்.டி.ஏ.வும் டி.டி.சி.பி.யும் செய்கிற நிலப் பயன்பாட்டு வகைப்பாடு போன்றது. கேட்க அறிவியல்போல இருக்கும். ஆனால் அங்கே அதன் பிறப்பில் நிறவெறி இருக்கிறது. 1910இல் பால்டிமோர் நகரம், கறுப்பர் பெரும்பான்மையாக வாழும் தெருவில் வெள்ளையரும், வெள்ளையர் தெருவில் கறுப்பரும் குடியேறக் கூடாது என்று சட்டமே போட்டது. ஊர், சேரி என்று நம் கிராமங்கள் எழுதாமல் வைத்திருந்ததை அவர்கள் எழுதி வைத்தார்கள். லூயிவில் நகரின் இதே மாதிரிச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1917இல் ரத்து செய்தது. 1926இல் யூக்ளிட் வழக்கில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத பொதுவான ஜோனிங் செல்லும் என்றது. அதன் பிறகு தோலின் நிறம் விதிப்புத்தகத்திலிருந்து மறைந்தது. மனையின் குறைந்தபட்ச அளவு, ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு, போக்குவரத்து நெரிசல் போன்ற சொற்கள் அந்த இடத்துக்கு வந்தன.

ஹயலியாவுக்குத் திரும்பினால் ஒரு வேடிக்கை. அனுமதிகள் எளிதாகக் கிடைக்கவில்லைதான். ஆனாலும் 1987 ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் உரிமம், ஆய்வு, நிலப் பயன்பாட்டு ஒப்புதல் எல்லாவற்றையும் சபை வாங்கிவிட்டது. இருக்கிற விதியை வைத்துத் தடுக்க முடியவில்லை. ஆகவே செப்டம்பரில் மாமன்றம் ஒருமனதாகப் புதிய விதிகளை எழுதியது. ஒன்று 'பலி' என்பதற்கு விளக்கம் எழுதி, சடங்குக்காக விலங்கைக் கொல்பவர்கள் அதை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. இன்னொன்று பலியிடுவதைத் தடை செய்தது. மூன்றாவதில்தான் ஜோனிங் வருகிறது. இறைச்சிக்கூடத்துக்கு என ஒதுக்கிய பகுதிக்கு வெளியே உணவுக்காக விலங்கை அறுக்கக் கூடாது. ஆனால் வாரத்துக்குச் சில பன்றிகளையோ மாடுகளையோ அறுக்கும் சிறு வியாபாரிகளுக்கு விலக்கு உண்டு. மீறினால் 500 டாலர் வரை அபராதம், 60 நாள் வரை சிறை, அல்லது இரண்டும்.

சபை வழக்குப் போட்டது. 1989இல் மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றது. 1991இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. 1993 ஜூன் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் நகரத்தின் சட்டங்கள் செல்லாது என்றார்கள்.

சட்டம் படிக்கும் மாணவர்கள் அந்தத் தீர்ப்பின் முடிவைவிட அது போன வழியைக் கவனிக்க வேண்டும். விலங்கு வதை, சுகாதாரம், பொது ஒழுக்கம் என்று நகரம் காரணம் சொன்னது. மூன்றும் கெட்ட காரணங்கள் அல்ல. நீதிபதி கென்னடி அந்தக் காரணங்களோடு சண்டை போடவில்லை. அதே காரணம் வேறு யார் மேல் பாய்கிறது என்று தேடிப் பார்த்தார். யார் மேலும் பாயவில்லை. வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம். எலியைக் கொல்லலாம். தெருநாயை ஊசி போட்டுக் கொல்லலாம். யூதர்களின் கோஷர் முறை அறுப்பு விளக்கத்துக்குள்ளேயே வராதபடி எழுதப்பட்டிருந்தது. பந்தய நாய்களைப் பழக்க உயிருள்ள முயலை விடுவதுகூட ஃபுளோரிடாவில் தேவையற்ற வதையாகக் கருதப்படவில்லை. சுகாதாரம் என்றால், உணவகக் குப்பையும் அழுகத்தான் செய்கிறது. அதைப் பற்றி இந்தச் சட்டங்களில் பேச்சே இல்லை. விலக்குகளை ஒவ்வொன்றாகக் கழித்தபின் வலையில் மிஞ்சியது ஒரே ஒரு மீன், அந்தச் சபை.

இன்னொரு நுணுக்கம். கைதட்டலும் கூச்சலும் பதிவான அந்த ஜூன் மாதக் கூட்டம்தான் நமக்கு மிகப் பெரிய சாட்சியாகத் தோன்றும். ஆனால் அந்தப் பேச்சுகளை ஆதாரமாக எடுத்த பகுதியில் கென்னடியோடு சேர்ந்தவர் ஸ்டீவன்ஸ் ஒருவர் மட்டுமே. உறுப்பினர்களின் மனதில் என்ன இருந்தது என்பது தனக்குத் தேவையில்லை, சட்டத்தின் வாசகமும் விளைவும் போதும் என்று ஸ்காலியா தனியாக எழுதினார். 'சாதி வெறியோடு பேசினார்' என்பதை மட்டும் வைத்து வழக்கு நடத்தும் நம் வழக்கறிஞர் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். பேசியவர் மறுத்துவிடுவார், மன்னிப்புக் கேட்டுவிடுவார். விதியில் எழுதிய விலக்கு மறுத்துப் பேசாது.

இதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1990இல், வழிபாட்டில் பெயோட்டி என்ற கள்ளிச்செடியை உட்கொண்ட பூர்வகுடிச் சபையினர் இருவரின் வழக்கில், எல்லோருக்கும் பொதுவான சட்டம் ஒரு மதத்தைத் தற்செயலாக நசுக்கினாலும் செல்லும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதை மாற்ற நாடாளுமன்றம் 1993இல் சட்டம் போட்டது. டெக்சாஸின் பர்னி ஊரில் ஒரு கத்தோலிக்க ஆலயத்தை விரிவாக்க நகரம் அனுமதி மறுத்த வழக்கில், அந்தச் சட்டம் மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நாடாளுமன்றம் மறுபடியும் உட்கார்ந்து, இந்த முறை நிலத்தையும் சிறைவாசிகளையும் மட்டும் குறிவைத்து 2000இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மதமற்ற சங்கங்களுக்குக் கொடுக்கும் அதே நிபந்தனையை வழிபாட்டிடத்துக்கும் கொடுக்க வேண்டும், மதத்துக்கு மதம் பாகுபாடு கூடாது என்பது அதன் சாரம். செல்வாக்குள்ள பெரிய தேவாலயங்களும் இந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. 'மதக்குழு' என்றாலே ஒடுக்கப்பட்டவர் என்று பொருளல்ல.

ஆனாலும் அது யாருக்குத் தேவைப்பட்டது என்று காட்ட ஒரு வழக்கு போதும். நியூ ஜெர்சியின் பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில் 2012இல் முஸ்லிம்கள் மசூதி கட்ட விண்ணப்பித்தார்கள். அவர்களின் தலைவர் அதே ஊரின் முன்னாள் மேயர். விண்ணப்பித்தபோது அந்த இடத்தில் வழிபாட்டிடத்துக்கு அனுமதி இருந்தது. 39 பொது விசாரணைகள் நடந்தன. 2015 டிசம்பரில் மறுத்தார்கள். காரணங்களில் ஒன்று, கார் நிறுத்தும் இடம். தேவாலயங்களுக்கும் யூதக் கோயில்களுக்கும் மூன்று பேருக்கு ஒரு கார் என்று கணக்கிட்ட நிர்வாகம், மசூதிக்கு மட்டும் கணக்கை மாற்றி 107 இடங்கள் கேட்டது. பழைய கணக்குப்படி 50 போதும். மேயராகவே இருந்தவருக்கு இதுதான் மரியாதை. 2016இன் கடைசி நாளில் மத்திய நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்றது. 2017இல் நகரம் 32.5 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது, மசூதிக்கும் வழிவிட்டது.

நம் மாநிலத்தில் 1950இலிருந்தே விலங்கு, பறவை பலித் தடைச் சட்டம் இருந்தது. தூங்கிக்கிடந்த அந்தச் சட்டத்தை 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு தட்டி எழுப்பியது. ஹயலியாவின் அளவுகோலை வைத்துப் பாருங்கள். கறிக்கடையில் வெட்டலாம், பிரியாணிக்கு வெட்டலாம், கல்யாணப் பந்திக்கு வெட்டலாம். கோயிலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சாமிக்கு வெட்டினால் மட்டும் குற்றம். ஆகமக் கோயில்களுக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. முனியாண்டிக்கும் கருப்பசாமிக்கும் காளியம்மாவுக்கும்தான் நட்டம். மறுஆண்டு தொடக்கத்தில், நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய நேரத்தில், அரசே அந்தச் சட்டத்தை நீக்கியது. நீதிமன்றம் கொள்கை சொல்லி நீக்கியதல்ல இது, வாக்குக் கணக்கு நீக்கியது. பல பிற்படுத்தப்பட்ட சாதிகளின் குலதெய்வங்களும் கிடா கேட்பவை என்பதால் எதிர்ப்பு பெரிதானது. சேரிச் சாமிகள் மட்டுமே கிடா கேட்டிருந்தால் அரசு இவ்வளவு வேகமாக இறங்கியிருக்காது என்பது என் கருத்து.

நிலத்தின் கதை இங்கே இன்னும் முடியவில்லை. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் கட்டட விதிகளின்படி வழிபாட்டுக் கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டியிருந்தது. பொது அமைதி கெடும் என்று கருதினால் அவர் மறுக்கலாம் என்று அந்த விதிகள் கூறின. வாசகத்தில் எந்த மதமும் இருக்கவில்லை, எந்தச் சாதியும் இருக்கவில்லை. ஆனால் அமைதியைக் கெடுப்பேன் என்று மிரட்டுகிறவனின் ஆட்சேபணையே மறுப்புக்குக் காரணமாக வாய்ப்பிருந்தது. வீட்டையே ஜெபக்கூடமாக வைத்திருந்தவர்களின் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பலமுறை போயிருக்கின்றன. சாலையோரத்தில் ஒரே இரவில் முளைக்கும் கோயிலுக்கு யாரும் கோப்பு திறப்பதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும் தோழர்கள் உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டியவை இவை: கடந்த பத்து ஆண்டுகளில் வழிபாட்டுக் கட்டடத்துக்கு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, எந்த மதத்தினுடையவை, எந்தக் குடியிருப்பிலிருந்து வந்தவை. எத்தனை நாளில் முடிவு சொன்னார்கள். மறுத்திருந்தால் ஆட்சேபணை கொடுத்தது யார், எந்தத் தெரு. இவற்றோடு, அனுமதி இல்லாமல் கட்டப்பட்டு அறிவிப்பு மட்டும் அனுப்பப்பட்ட வழிபாட்டிடங்களின் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். நீதிமன்றம் போகும்போது அந்த இரண்டாவது பட்டியல்தான் முதலில் தேவைப்படும்.