பழைய தையல் இயந்திரம்: விடைகொடுத்தலின் வரலாறு

சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் பழைய தையல் இயந்திரத்தைக் கழிப்பது எளிதில் முடிவாகிற செய்தியன்று. பல வீடுகளில், ஒரு பெண் தன் உழைப்பால் காசு ஈட்டிய ஒரே கருவி அதுதான். ஊசித்தண்டு ஆட்டம் கண்டு, தையல் விட்டுவிட்டு விழத் தொடங்கிய பின்னும் அது மூலையில் நின்றுகொண்டிருக்கும். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதைப் பெறலாம் என்று கடைக்காரர் சொல்லும்போது, அது வாடிக்கையாளருக்குக் காட்டப்படும் சலுகையாகவே தோன்றுகிறது. அந்தச் சலுகைக்கு ஏறத்தாழ 170 ஆண்டு வரலாறு உண்டு. அது பிறந்த நோக்கமோ வேறு.

ஐசக் மெரிட் சிங்கர் 1851ஆம் ஆண்டு அமெரிக்காவில் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1856இல் அவருடைய நிறுவனம் இரண்டு விற்பனை முறைகளைக் கையாளத் தொடங்கியது. ஒன்று, தவணை முறை. மற்றொன்று, எந்த நிறுவனத்தின் பழைய இயந்திரமாயினும் அதைப் பெற்றுக்கொண்டு, புதியதன் விலையில் 50 டாலரைக் கழித்துக் கொடுப்பது. அவ்வாறு பெற்ற இயந்திரங்கள் பழுதுபார்க்கப்படவில்லை, உடைக்கப்பட்டன. பழைய பொருளுக்கான சந்தை உருவானால் புதியதன் விற்பனை குன்றும் என்பதே காரணம். ஆக, இந்தச் சலுகை பழைய இயந்திரத்தின் மதிப்பை ஏற்றதால் பிறந்ததன்று. அதை உலகிலிருந்து அகற்றும் தேவையால் பிறந்தது.

இந்தியாவில் அந்த நோக்கம் முழுமையாக நிறைவேறவில்லை. நசர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் என்ற பார்சி வணிகர் 1875 முதல் சிங்கர் நிறுவனத்தின் இந்திய விற்பனையை வளர்த்தார். அந்நாளில் சித்தூர், கொச்சி அரசின் பிற பகுதிகளிலிருந்து பிரிந்து, ஆங்கிலேயரின் மலபார், கோயம்புத்தூர் மாவட்டங்களால் முழுவதும் சூழப்பட்ட தனித் துண்டாக இருந்தது. ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில் 1885 முதல் வார்க்கப்பட்ட கருப்பு இரும்புத் தலைகள் கடல் கடந்து இந்திய ஊர்களை அடைந்தன. 1930களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஆலை உஷா இயந்திரங்களை உருவாக்கத் தொடங்கியது. பின்னர் லூதியானாவில் உதிரிப் பாகத் தொழில் பெருகியது. சிங்கரின் 15ஆம் வகை அமைப்பையே பலரும் பின்பற்றியதால், ஊசி, பாபின், பாபின் கேஸ் ஆகியவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும்பாலும் மாற்றிக்கொள்ள முடிந்தது. கடைத்தெருவில் பாகமும் அதைப் பொருத்தத் தெரிந்த கையும் இருந்தவரை இயந்திரம் சாகவில்லை. கிளைடுபேங்க் ஆலை 1980இல் மூடப்பட்ட பின்னும், அங்கே பிறந்த இயந்திரங்கள் தைத்துக்கொண்டிருந்தன.

இதே கருவி 1924இல் இந்திய அரசியல் சிந்தனையின் முக்கியமான ஓர் உரையாடலில் இடம்பெற்றது. திருவிதாங்கூரைச் சேர்ந்தவரும் சாந்திநிகேதன் மாணவருமான ஜி. ராமச்சந்திரன், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று தில்லியில் காந்தியிடம் வினவினார். சிங்கர் தையல் இயந்திரத்தைக் காந்தி விதிவிலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்ட அன்பிலிருந்து அது பிறந்தது என்றார். ராமச்சந்திரன் விடவில்லை. அந்த இயந்திரத்தைச் செய்யவே பெரிய ஆலை வேண்டுமே, விதிவிலக்கு எங்கே முடியும் என்று கேட்டார். அத்தகைய ஆலைகள் நாட்டுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்றும், தனிமனிதனுக்கு உதவுவதை விட்டு அவனுடைய தனித்தன்மையின்மேல் இயந்திரம் கைவைக்கும் இடத்தில் விதிவிலக்கு முடிகிறது என்றும் காந்தி விடையளித்தார். இதே ராமச்சந்திரன்தான் 1947இல் டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

காந்தி சொன்ன பிறப்புக் கதை வரலாற்றோடு பொருந்தவில்லை. 1850இல் பாஸ்டன் பட்டறை ஒன்றில் பிறர் செய்த இயந்திரத்தைத் திருத்தப் புகுந்த சிங்கரை இயக்கியது பணம் என்பதே ஆய்வாளர்தம் கருத்து. தைத்துப் பிழைத்த மனைவியைக் கண்டு கருவி சமைத்தவர் என்ற கதை, 1846இல் காப்புரிமை பெற்ற எலியாஸ் ஹோவைப் பற்றி வழங்குவது. கதை பிழையாயினும் காந்தி தந்த அளவுகோல் பிழையாகவில்லை. இயந்திரத்தைச் செய்தவரின் நோக்கத்தைவிட, அது யாருடைய கையில், யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதே அந்த அளவுகோல் கேட்கும் கேள்வி.

புதியதைத் தேர்ந்தெடுக்கும் வீட்டுக்கும் இக்கேள்வி பொருந்தும். கொக்கி முனை தேய்ந்தால் மாற்றலாம். துணியை நகர்த்தும் பற்கள் மழுங்கினாலும் மாற்றலாம். தண்டு சுழலும் புஷ்கள் தேய்ந்து, அவற்றையும் மாற்ற வழியில்லாமல், ஊசியும் கொக்கியும் சந்திக்கும் கணம் நிலைகொள்ளாதபோதுதான் விடைகொடுக்கும் வேளை வருகிறது. முழங்கால் தேய்ந்தவரை மிதிப்பலகையிலேயே இருக்கச் சொல்வதும் நியாயமன்று. பழைய தலையில் சிறு மோட்டார் பொருத்துவது ஒரு நடுவழி. திருப்பூர் ஆலைகளில் ஓடும் ஜூக்கி போன்ற விசை இயந்திரம் வேகம் தரும். ஆனால் அதன் வேகத்துக்கு ஈடான வேலை வீட்டைத் தேடி வர வேண்டும். மின்சுற்றுப் பலகையுள்ள இலகுவான இயந்திரம் பல தையல்களைத் தரும். ஆனால் பழுதானால் உள்ளூர்க் கையால் திறக்க முடியுமா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

பழையதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பது 1856இல் விற்பவர் வகுத்துத் தந்த கேள்வி. புதியது கெட்டால் அதை இந்த ஊரிலேயே யார் சரிசெய்வார் என்பது தைப்பவர் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு பெண்ணின் வருமானம் அவளுடைய பொறுப்பிலேயே நீடிக்குமா என்பது இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையில் இருக்கிறது.